இரவில் வேலை, பகலில் தூக்கம்: மொத்தக் கணக்கு சரியாக இருந்தால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 44. பல்லடம் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) பிரிவில் ஃபிட்டராகப் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஒரு வாரம் பகல் ஷிப்டு (காலை 8 முதல் மாலை 4.30 வரை), அடுத்த வாரம் முழுநைட்டு (இரவு 1 முதல் காலை 8 வரை), அதற்கடுத்த வாரம் அரைநைட்டு (மாலை 4.30 முதல் இரவு 1 வரை) என்று மாறி மாறி வரும். முழுநைட்டு வாரத்தில் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, கடை கண்ணி வேலைகளை முடித்து 11 மணிக்குப் படுத்தால் 3 மணிக்கு மேல் தூக்கம் நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை 11, 12 மணி நேரம் தூங்கிச் சரிக்கட்டிவிடுகிறேன். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையிலும் இரவிலும் உணவுக்கு முன் எடுத்துக்கொள்கிறேன். சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை. ஆனாலும் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) ஓராண்டில் 6.9-இலிருந்து 8.2 ஆகிவிட்டது. பகலில் தூங்கும்போது சில நாட்கள் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்க விழிக்கிறேன். தூக்கம் போதாததால் வரும் படபடப்பு என்று நினைக்கிறேன். போன மாதம் வேலை முடிந்து 18 கிலோமீட்டர் பைக்கில் திரும்பும்போது ஒரு நொடி கண் செருகி, வண்டி சாலையை விட்டு இறங்கிவிட்டது. அடி எதுவும் இல்லை. தூக்கம் கெட்டுத்தான் உடம்பு கெடுகிறது என்கிறார் மனைவி. எப்போது தூங்கினால் என்ன, வாரக் கடைசியில் மொத்தக் கணக்கு சரியாக இருந்தால் போதாதா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மொத்தக் கணக்கு சரியாக இருந்தால் போதாது. அதற்கான காரணங்களைப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோன இரண்டு செய்திகளைப் பேசியாக வேண்டும். ஒன்று வண்டியில் கண் செருகியது. மற்றொன்று பகலில் வியர்த்து நடுங்கி விழிப்பது. சர்க்கரை 8.2 ஆனதைச் சில மாதங்களில் படிப்படியாகக் கீழே கொண்டுவரலாம். இவை இரண்டையும் இந்த வாரமே கவனிக்க வேண்டும்.

முதலில் வண்டி. முழுநைட்டு வாரத்தின் முதல் நாளை எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எவ்வளவு தாமதமாக, 10 மணிக்கே எழுந்தாலும், அதன்பின் படுக்காமல் நள்ளிரவு தாண்டி வேலைக்குச் சென்று திங்கட்கிழமை காலை 8 மணிக்கு வண்டியை எடுக்கும்போது நீங்கள் 22 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பீர்கள். 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான டாசனும் ரீடும் வெளியிட்ட ஆய்வில், 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கைத்திறனும் கவனமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் நிலைக்குக் குறைந்திருந்தன. 24 மணி நேரம் ஆனபோது அது ஏறத்தாழ 100 மில்லிகிராம் அளவுக்குச் சமமாக இருந்தது. நம் நாட்டுச் சட்டப்படி வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை 30 மில்லிகிராம்தான். வழியில் போலீஸ்காரர் நிறுத்தி ஊதச் சொன்னால் கருவி எதையும் காட்டாது என்பதைத் தவிர, அந்த நேரத்தில் உங்களுக்கும் குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஒரு நொடி கண் செருகியதாக எழுதியிருக்கிறீர்கள். உறக்கம் மிகவும் குறைந்தவர்களின் மூளை சில நொடிகளுக்குத் தானாகவே உறங்கிவிடும். கண் திறந்திருக்கும்போதும்கூட இது நேரலாம், நேர்ந்தது அவர்களுக்கே தெரியாமலும் போகலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 3 நொடிகளில் 40 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். எதிர்க்காற்றோ, சத்தமாகப் பாடிக்கொண்டு வருவதோ, வழியில் நிறுத்திக் குடிக்கும் ஒரு டீயோ இதைத் தடுத்துவிடாது. "இத்தனை வருடப் பழக்கம்" என்ற நம்பிக்கையும் உதவாது. 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வில், இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் 6 மணி நேரம் மட்டுமே தூங்க அனுமதிக்கப்பட்டவர்களின் கவனம், முற்றிலும் தூங்காமல் விடப்பட்டவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது; ஆனால் அவர்களோ தங்களுக்குக் கொஞ்சம் தூக்கக் கலக்கம் இருப்பதாக மட்டுமே உணர்ந்தார்கள். உறக்கம் குறைந்தவர் தம் நிலையைத் தாமே சரியாக எடைபோட முடியாது.

ஆகவே முழுநைட்டு வாரத்தில் மில் வேன் உங்கள் ஊர்ப் பக்கம் வருமானால், அது சுற்றிக்கொண்டு வந்து அரை மணி நேரம் கூடுதலாக எடுத்தாலும், அதிலேயே வாருங்கள். வேன் இல்லையென்றால் வேலை முடிந்ததும் ஓய்வறையில் அலாரம் வைத்து 20 முதல் 30 நிமிடம் படுத்துத் தூங்குங்கள். எழுந்தவுடன் வண்டியை எடுக்காமல், முகம் கழுவி, அரைத் தூக்கம் தெளியக் கால்மணி நேரம் பொறுத்துப் புறப்படுங்கள். உடன் வேலை செய்பவரின் வண்டியில் தொற்றிக்கொள்வது தீர்வாகாது. அவரும் இரவெல்லாம் விழித்திருந்தவர்தான்.

அடுத்தது வியர்வையும் கைநடுக்கமும். இதைத் தூக்கமின்மைப் படபடப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நீங்கள் எடுக்கும் மாத்திரையில் உள்ள கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டிக்கொண்டே இருக்கும். காலையில் மாத்திரை போட்டுச் சாப்பிட்டுப் படுத்தவர் மதிய உணவைத் தாண்டித் தூங்கும்போது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட வாய்ப்புண்டு. மூன்று மாதச் சராசரி உயர்ந்திருப்பதால் சர்க்கரை தாழாது என்று எண்ண வேண்டாம். சராசரி உயர்ந்திருக்கும் ஒருவருக்கே இடையிடையே தாழ்நிலையும் வரும். அடுத்த முறை அப்படி விழித்தால் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்த்து, ஏறியபின் உணவு எடுத்துக்கொள்ளுங்கள். கருவி கைவசம் இல்லையென்றால் சோதனைக்காகக் காத்திருக்காமல் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். அதன்பின் உங்கள் மருத்துவரிடம் ஷிப்டு அட்டவணையைக் காட்டி, முழுநைட்டு வாரத்தில் எந்த மாத்திரையை எப்போது எடுப்பது, இந்த மருந்துக்குப் பதிலாகச் சர்க்கரையை இப்படித் தாழ்த்தாத வேறொன்றுக்கு மாறலாமா என்று கேளுங்கள். மருந்துச் சீட்டில் "காலை, இரவு" என்று எழுதும் எங்களில் பலர், எதிரில் இருப்பவருக்குக் காலை எப்போது தொடங்குகிறது என்று கேட்பதில்லை. நீங்களாகவே சொல்லிவிடுவது நல்லது. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நீங்களே நிறுத்திவிடவும் கூடாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் ரிங் பிரேமில் ஃபிட்டர் கைவைப்பதில்லை. நிறுத்திய பிறகே கழற்றித் துடைத்து, எண்ணெய் இட்டுச் சரிசெய்வீர்கள். உறக்கம் உடலுக்கு அத்தகைய பராமரிப்பு நேரம். ஆழ்ந்த உறக்கத்தில் வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. ரத்த அழுத்தம் பகல் அளவைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை தாழ்ந்து, இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் ஓய்வு கிடைக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்களின் வேலை சீராகிறது. பகலில் கற்றது நினைவில் படிகிறது. வயது வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இதற்கு 7 மணி நேரமாவது வேண்டும். உங்களுக்கு முழுநைட்டு வாரத்தில் கிடைப்பது 4 மணி நேரம்.

அந்த நான்கு மணி நேரமும் இரவில் உறங்கும் நான்கு மணி நேரத்துக்கு ஈடாகாது. நம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு தொகுதி இருக்கிறது. உடலின் நாள் கடிகாரம் அதுதான். கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு அது தன்னைத் தினமும் திருத்திக்கொள்கிறது. அணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களிடம் ஆராய்ந்து கண்ட ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கல்லீரல், கணையம், குடல் ஆகியவற்றிலும் இதே வகைக் கடிகாரங்கள் உண்டு. உடல் வெப்பநிலை அதிகாலை 4, 5 மணியளவில் மிகத் தாழ்ந்து, விடிந்தபின் ஏறத் தொடங்கும். தாழும்போது உறக்கம் எளிதாக வரும், ஏறும்போது கலையும். இரவெல்லாம் விழித்த களைப்பு பகலில் உங்களைப் படுத்தவுடன் உறங்க வைத்துவிடுகிறது. நான்கு மணி நேரத்தில் அந்தக் களைப்பின் பெரும்பகுதி தீர்ந்ததும், உடலின் கடிகாரம் "இது பகல்" என்று எழுப்பிவிடுகிறது. 3 மணிக்கு மேல் தூக்கம் நிற்காததற்கு உங்கள் மன உறுதியையோ பழக்கத்தையோ குறை சொல்ல வேண்டியதில்லை. ஒரே வாரத்தில் இந்தக் கடிகாரம் முழுமையாக இடம் மாறிவிடுவதும் இல்லை. காலை வெயிலில் வீடு திரும்புவதே அதைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும்.

சாப்பாடு மாறாமலே சர்க்கரை ஏறியதற்கும் இங்கே விளக்கம் இருக்கிறது. 1999-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நல்ல உடல்நலமுள்ள 11 இளைஞர்களை ஆறு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் உறங்கவைத்துப் பரிசோதித்தபோது, அவர்களின் உடல் குளுக்கோஸைக் கையாளும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. நோயில்லாத இளைஞர்களுக்கே இப்படியென்றால், ஏற்கெனவே சர்க்கரை நோயுள்ள 44 வயதுக்காரரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இரவில் மெலடோனின் என்னும் ஹார்மோன் கூடியிருக்கும் நேரத்தில் இன்சுலின் சுரப்பும் மந்தமாகிறது. ஆகையால் பகல் ஒரு மணிக்குச் சாப்பிடும் அதே சோறு இரவு மூன்று மணிக்கு உள்ளே போனால் சர்க்கரையை இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோகும். 2021-இல் பாஸ்டன் நகரில் 19 பேரை இரவுப்பணிக்கு ஒத்த ஒழுங்கில் வைத்து நடத்திய ஆய்வில், இரவிலும் உண்டவர்களுக்குச் சர்க்கரை உயர்ந்தது. இரவெல்லாம் விழித்திருந்தும் பகலில் மட்டுமே உண்டவர்களுக்கு அந்த உயர்வு ஏற்படவில்லை. இரவுப்பணியை விட முடியாதவர்களுக்கு இது நல்ல செய்தி என்றே நான் கருதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சரிக்கட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தார், வேலை நாட்களில் 5 மணி நேர உறக்கமும் வார இறுதியில் வேண்டிய அளவு உறக்கமும் கொடுத்துப் பார்த்தார்கள். இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறன் அவ்வாறு சரியாகிவிடவில்லை. மறுபடி உறக்கம் குறைந்ததும் நிலைமை பழையபடி ஆயிற்று. ஞாயிறு தூங்குவது தவறில்லை, களைப்பு குறையும். ஆனால் 12 மணி நேரம் படுத்துவிட்டால் அன்றிரவு உறக்கம் வராமல் அடுத்த வாரத்தின் தொடக்கமே கெட்டுப்போகும்.

வேலையை விடுங்கள் என்று எழுதுவது எனக்கு எளிது. அதனால் உங்களுக்குப் பயனில்லை. முழுநைட்டு வாரத்தை இப்படி அமைத்துப் பாருங்கள். காலை வந்ததும் சிறிதளவு உணவு, குளியல், 9.15-க்குப் படுக்கை. கடை கண்ணி, ரேஷன், மின்கட்டணம் எல்லாம் பிற்பகலுக்குப் போகட்டும். 11 மணி வரை நீங்கள் விழித்திருக்கும் ஒவ்வொரு அரை மணி நேரமும் உடல் சூடேறும் நேரம்; வீட்டின் மேல் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்டிருந்தால் கூரையும் சூடேறும் நேரம். சித்திரை, வைகாசியில் நம் பக்கத்து வீடுகளில் நண்பகலுக்குமேல் எவராலும் ஆழ்ந்து தூங்க முடியாது. சன்னலுக்குக் கறுப்புத் துணியைத் தடிமனாகக் கட்டி அறையை இருட்டாக்குங்கள். மின்விசிறி ஓடட்டும், அதன் சத்தமே தெருச் சத்தத்தை ஓரளவு மறைக்கும். செல்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, உங்களைத் தேடி வருபவரிடமும் அழைப்பவரிடமும் "2 மணிக்குப் பிறகு பேசுவார்" என்று சொல்லும் பொறுப்பை மனைவியிடம் கொடுங்கள். இரவு 2 மணிக்கு எவரும் இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. பகல் 11 மணிக்கு உறங்குபவருக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. உறவினர்கள் வருத்தப்பட்டால் படட்டும்.

பிற்பகல் 1.30 மணியளவில் எழுந்து மதிய உணவைத் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை காரணமாகவும் இது கட்டாயம். இரவு உணவை 8 மணிக்கே முடித்து, 9.30 முதல் 11.30 வரை மறுபடி ஒரு தூக்கம் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள். மாலை 7 மணிக்கே படுத்துப் பயனில்லை. வழக்கமாக உறங்கும் நேரத்துக்கு முந்திய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உறக்கம் மிகக் கடினமாக வரும். இவ்விரண்டையும் சேர்த்தால் ஆறு மணி நேரத்தைத் தாண்டிவிடலாம். முழுநைட்டு தொடங்கும் ஞாயிற்றுக்கிழமையன்று காலை வழக்கம்போல் எழுந்து, மதியம் ஒன்றரை மணி நேரமும் இரவு வேலைக்குமுன் இரண்டு மணி நேரமும் தூங்கிவிட்டால், மேலே சொன்ன 22 மணி நேரக் கணக்கு மாறிவிடும்.

வேலையிடத்தில் அதிகாலை 3 மணிக்குப் பரோட்டாவும் குருமாவும் வேண்டாம். பசித்தால் சுண்டலோ மோரோ போதும். ஆனால் மாத்திரை மாற்றப்படும் வரை, பசியோ நடுக்கமோ வந்தால் சாப்பிடாமல் இருந்துவிடாதீர்கள். டீ குடிப்பதானால் அதிகாலை 3.30-க்குள் முடித்துவிடுங்கள். குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டு வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். 6 மணிக்குக் குடித்த டீ 9 மணித் தூக்கத்தைக் கெடுக்கும். இரவுப்பணிக்காரர்கள் வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணியலாம் என்று சிலர் சொல்வதுண்டு. வேனில் வருபவருக்கு அது சரி. பைக் ஓட்டி வருபவர் அணியக்கூடாது, வெளிச்சம் குறைந்தால் கண் இன்னும் எளிதாகச் செருகும்.

உங்கள் ஷிப்டு சுழலும் திசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகல், முழுநைட்டு, அரைநைட்டு என்ற வரிசையில் ஒவ்வொரு வாரமும் வேலை தொடங்கும் நேரம் முந்தைய நேரத்துக்கு இழுக்கப்படுகிறது. மனிதரின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. அதனால் படுக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது நமக்கு எளிது, முன்னே கொண்டுவருவது கடினம். பகல், அரைநைட்டு, முழுநைட்டு என்று திருப்பினால், அரைநைட்டு வாரத்தில் விடியற்காலை 2 மணிக்குப் படுத்துப் பழகியவர் முழுநைட்டுக்குள் நுழைவார். பகல் ஷிப்டிலிருந்து ஒரேயடியாக இரவுக்குத் தாவ வேண்டியிராது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு தாது உப்பு ஆலையில் இவ்வாறு திசையை மாற்றி, ஒரு ஷிப்டில் இருக்கும் நாட்களையும் கூட்டியபோது தொழிலாளர்களின் மனநிறைவும் ஆலையின் உற்பத்தியும் உயர்ந்தன என்று 1982-இலேயே ஆய்வு வெளிவந்தது. இதில் நிர்வாகத்துக்குக் கூடுதல் செலவு பெரிதாக இல்லை. நீங்கள் ஒருவராகக் கேட்பதைவிட, பிரிவில் உள்ள எல்லாரும் சேர்ந்து மேஸ்திரி வழியாகவோ சங்கத்தின் வழியாகவோ கேட்டால் எடுபடும். அதேபோல், முழுநைட்டு வாரத்தில் ஆள் குறைகிறது என்று டபுள் (தொடர்ந்து இரண்டு ஷிப்டு) பார்க்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சர்க்கரை நோய் இருப்பதையும் மாத்திரை எடுப்பதையும் குறிப்பிட்டு மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கொடுக்கலாம்.

தூக்கம் வரவேண்டும் என்பதற்காக மதுவை நாடுவோர் இரவு ஷிப்டுக்காரர்களிடையே உண்டு. நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். மது உறக்கத்தை விரைவில் கொண்டுவந்தாலும் பிற்பாதியைச் சிதைத்துவிடும். கிளிமிபிரைடு எடுப்பவருக்குச் சர்க்கரைத் தாழ்நிலையை இன்னும் ஆபத்தாக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறி மீள்கிறீர்களா என்பது அவருக்கே தெரியும். அப்படி இருந்தால் உறக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று கண்டறியும் பரிசோதனை தேவைப்படும். அந்தத் தடை இருக்கும்வரை எத்தனை மணி நேரம் தூங்கினாலும் களைப்பு தீராது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வருவதும் கடினம். அதற்கு முன்னால் மூன்று வாரங்களுக்கு, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு, ஒரு நோட்டில் படுத்த நேரம், விழித்த நேரம், சாப்பிட்ட நேரம், மாத்திரை எடுத்த நேரம், வியர்த்து விழித்த நாளில் குளுக்கோமீட்டர் காட்டிய அளவு ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஆனால் வியர்வையும் நடுக்கமும் இதற்கிடையில் மறுபடி வந்தால் நோட்டு நிறையும்வரை காத்திருக்க வேண்டாம். மறுநாளே மருத்துவரிடம் செல்லுங்கள்.